பாலையும் மீனையும் விடுங்கள், முதலில் வட்டியைப் பாருங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார், இவர் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறார். பிள்ளைகள் இரண்டு, மாமியாரும் கூட இருக்கிறார். நல்ல மாதத்தில் இருவர் வருமானமும் சேர்ந்து 30,000 ரூபாய் வரும், மழை மாதத்தில் 20,000 ரூபாய்க்கும் இறங்கும். பால் பாக்கெட்டைப் பாதியாக்கியாயிற்று, மீன் வாரத்துக்கு ஒரு நாள் என்றாயிற்று, அப்படியும் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. பழைய கடன் 60,000 ரூபாய்க்கு மூன்று வட்டி போகிறது. ஓட்டுவீடு ஒழுகுகிறது. அடுத்த வருடம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இதற்கு நடுவில் ஒரு வாஷிங் மெஷின் வேண்டும் என்று நினைப்பது தப்பா என்றும் கேட்கிறார்.

சகோதரி, நான் முதலில் மாற்றச் சொல்வது பாலையும் மீனையும்தான். இரண்டையும் பழையபடி வாங்குங்கள். வீட்டில் பால் பாதியானால் யாருடைய டம்ளர் காலியாகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு ஊற்றி, மாமியாருக்கு ஊற்றி, வெயிலுக்கு முன்பே எழுந்து வெட்டுக்குப் போய்விட்டு வருகிறவருக்கும் கொடுத்தபின் நீங்கள் பாலில்லாத கட்டன்சாயா குடிப்பீர்கள். மீனிலும் நடுத்துண்டு உங்கள் தட்டுக்கு வராது. நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்க்கிற உடம்பு அதைத் தாங்காது, ஒரு வருடத்தில் ரத்தம் குறைந்து தலைசுற்றலில் கொண்டுபோய் நிறுத்தும். இவ்வளவும் செய்து மிச்சப்பட்டது என்ன? அரை லிட்டர் பாலை நிறுத்தினால் மாதம் 700 ரூபாய் இருக்கும். வட்டிக்காரருக்கு நீங்கள் கொடுப்பது மாதம் 1,800.

மூன்று வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத் தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 ரூபாய். உங்கள் 60,000 ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 21,600 ரூபாய் போகிறது, அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. வீட்டில் நகை ஏதாவது இருந்தால் அதை வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து இந்தக் கடனை முழுதாக அடைத்துவிடுங்கள். இன்றைய தங்க விலையில் ஒன்றரைப் பவுனுக்குள் வேலை முடிந்துவிடும். அங்கே வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 ரூபாய்தான். நீங்கள் இப்போது கொடுக்கிற அதே 1,800 ரூபாயை மாதாமாதம் அங்கே கட்டி வந்தால், வட்டி போக மீதி அசலில் கழிந்து, மூன்றேகால் வருடத்தில் கடன் முழுவதும் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். ஒரு பைசா கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டியதில்லை. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். தவணை முடிகிற தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க மறக்காதீர்கள், மறந்தால் ஏலம் வரை போகும். கடனை அடைத்த அன்றே வட்டிக்காரரிடம் கொடுத்த பாண்டு பத்திரம், வெற்றுச் செக் எல்லாவற்றையும் கையில் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தாலோ மிரட்டினாலோ பயப்பட வேண்டாம், கந்துவட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

கழுத்தில் கிடக்கிற நகையை அடகு வைப்பது கௌரவக் குறைவு என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு அந்த நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதைப் பார்க்கும்போது மிகுந்த வருத்தம்தான் வரும்.

அடுத்து, உங்கள் வருமானம் மாதச் சம்பளக்காரர் வருமானம் மாதிரி இல்லை. இதை உள்ளே வாங்கிக்கொள்ளாமல் எந்தக் கணக்குப் போட்டாலும் இடிக்கும். ஜூன், ஜூலையில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. காலையில் மழை கொட்டினால் வெட்டு இல்லை. டிசம்பர், ஜனவரியில் பால் நன்றாக வரும், பிறகு இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். (சொந்தமாகப் பத்து மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மழைக்கு முன்பே மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டுவதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். கூடுதலாகக் கிடைக்கும் சில வெட்டிலேயே அந்தப் பணம் வந்துவிடும்.) ஆகவே 30,000 வருகிற மாதத்தில் 30,000 ரூபாய்க்கு வாழக் கூடாது. உங்கள் வீட்டுக்கு மாதச் செலவு 23,000 என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவதை அன்றே தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மழை மாதத்தில் குறைவதை அங்கிருந்து எடுக்க வேண்டும். வட்டி கிடைக்கிறதா என்பது இங்கே பெரிதில்லை, கைமாற்று வாங்காமல் இருப்பதுதான் லாபம். ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் அடித்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சரிந்து, கரண்டு இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு மாதச் சாப்பாட்டுக்கான பணம் தனியே இருந்த வீடுகள் அன்று வட்டிக்காரரைத் தேடிப் போகவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை வருகிற செலவுகளையும் எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு, யூனிபார்ம், வண்டி இன்சூரன்ஸ், ஊர்த் திருவிழா, ஓணம் அல்லது தீபாவளி அல்லது கிறிஸ்துமஸ், ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும் கல்யாணங்களுக்கு வைக்கிற சுருள் (மொய்ப்பணம்). இவை ஒவ்வொன்றும் திடீரென்று வந்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். ஒன்றுமே திடீர் இல்லை, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் அவ்வளவை எடுத்து வைத்தால், நீங்கள் கைமாற்று வாங்குகிற காரணங்களில் பாதி காணாமல் போகும். சுருள் விஷயத்தில் மட்டும் யார் யாருக்கு எவ்வளவு என்று கணவரும் நீங்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் நின்று பக்கத்து ஆளைப் பார்த்து முடிவு செய்தால் எப்போதும் ஐநூறு கூடத்தான் போகும்.

சரி, அடுக்களைக்கு வருவோம். மீனைக் குறைக்க வேண்டாம் என்றேன், ஆனால் எந்த மீனை எப்போது வாங்குவது என்பதில் நிறைய இருக்கிறது. கிழக்குக் கரையில், சின்னமுட்டம் பக்கம், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு, நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலை ஏறி நிற்கும். அந்த நாட்களில் நெய்மீன் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் முட்டை, சிறுபயறு, முன்பே வாங்கி வைத்த நெத்திலிக் கருவாடு என்று ஓட்டிவிடலாம். சக்கை (பலா) சீசனும் ஏறக்குறைய அப்போதுதான். சக்கை அவித்து ஒரு மீன்குழம்பு வைத்தால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது, சக்கைக்கொட்டையை எடுத்து வைத்தால் இன்னொரு நாள் கூட்டு. சாளையும் அயிலையும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் தாராளமாக வாங்குங்கள். சத்தில் அவை விலை கூடிய மீனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை. பக்கத்து வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கடற்கரை ஏலத்துக்குப் போய் ஒரு கூடையாக எடுத்துப் பங்கு வைக்கலாம். தலைச்சுமையாக வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் மீன்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதை மட்டும் நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன். அவரும் வட்டிக்குப் பணம் எடுத்துத்தான் மீன் எடுத்திருப்பார்.

ரேஷனை விட்டுவிடாதீர்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். சோற்றுக்கு அந்த அரிசி பிடிக்காவிட்டால் தோசைமாவுக்குப் போடுங்கள், கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட்டே தேவைப்படாது. தேங்காய் இல்லாமல் நமக்குக் கறி இல்லை, 2025-இல் தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றத்தை எல்லோரும் பார்த்தோம். வீட்டு விளையில் நாலு தென்னை நின்றால் தேங்காயை அப்படியே வியாபாரியிடம் போடாமல், கோடையில் உடைத்துக் காயவைத்து மில்லில் ஆட்டி வைத்துக்கொள்ளுங்கள். காயின் அளவைப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு தேங்காய்க்கு ஒரு லிட்டர் வரும். பொரிப்பதற்குப் பாமாயில், தாளிப்புக்கும் அவியலுக்கும் தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் ஒரு லிட்டர் வெகுநாள் வரும். ஓணத்துக்கு முந்தைய வாரம் நேந்திரன், காய்கறி, தோவாளைப் பூ எல்லாம் கேரளாவுக்குப் போகும், விலை துள்ளும். அந்த வாரத்தில் வாழைக்குலை வாங்காதீர்கள். உங்கள் விளையில் குலை இருந்தால் அப்போது விற்றுவிடுங்கள்.

கேஸ் மிச்சம் பிடிக்க நான் சொல்வது ஒன்றுதான், சூட்டை வெளியே விடாத பெட்டியோடு வரும் தெர்மல் குக்கர். நம் பக்கத்துச் சிவப்பரிசி வேக நேரம் எடுக்கும். கொதி வந்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் அடுப்பில் வைத்து, பானையை அந்தப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் தானாக வெந்திருக்கும். காலையில் வேலைக்கு ஓடுகிற வீட்டுக்கு இது பெரிய உதவி. வெந்நீருக்கும் நெல் அவிப்புக்கும் தென்னையின் கதம்பையும் (மட்டை நார்) சிரட்டையும் கொதும்பும் (பாளை) இருக்கவே இருக்கின்றன. ஆனால் புகை அடைகிற அடுக்களையில் விறகு எரித்து மிச்சம் பிடிக்க வேண்டாம், நெஞ்சுக்கு ஆகாது.

கரண்டு பில்லில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். பலருக்குத் தெரியாதது 500 யூனிட் எல்லை. அதைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் சலுகையும் போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கும் விலை அதிகம். எல்லையை ஒட்டி வருகிறவர்கள் ரீடிங் எடுக்கும் தேதிக்கு முன்பே மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டில் அதிக நேரம் ஓடுகிற ஃபேன் எது? மாமியார் படுக்கும் அறையில் இருப்பதாக இருக்கலாம். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், குறைந்த கரண்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் வித்தியாசம், வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஃபேன் விலை 3,000 ரூபாய்ப் பக்கம் வரும், மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எப்போதாவது போடுகிற ஃபேனை மாற்றிப் பயனில்லை. அப்புறம் கிணற்று மோட்டார். குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காது, மோட்டார் வெறுமனே ஓடும். வால்வு மாற்றும் செலவு சொற்பம், மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

நாகர்கோவிலுக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறீர்களா என்று எழுதவில்லை. போகிறவர் என்றால், போகவர 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள், பெட்ரோல் மட்டும் 1,700 ரூபாய் ஆகும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. நேரம் கொஞ்சம் கூடும், மாதம் 1,700 நிற்கும்.

பிள்ளைகள் படிப்பில் பணத்தைப் பிடிக்காதீர்கள், ஆனால் படிப்பு வேறு, வேனும் கட்டடமும் வேறு. நம் மாவட்டத்தில் நடந்து போகும் தூரத்தில் நல்ல அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் பல ஊர்களில் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆங்கிலப் பள்ளி என்ற பெயருக்காக மாதம் நாலாயிரம் கட்டுகிற குடும்பங்கள் இதையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

செலவழித்தே ஆக வேண்டியது உடம்புக்கு. மாமியாருக்கு பிரஷர், சுகர் மாத்திரை உண்டென்றால் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே வரும். வெளியே வாங்குவதானால் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் அதே மருந்து மிகக் குறைந்த விலையில் கிடைக்கும், டாக்டரிடம் கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய நோய்க்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போவதில் ஒரு குறைவும் இல்லை. பல் சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிடுங்கள், விட்டால் வேர் சிகிச்சைக்குப் பல மடங்கு ஆகும். கணவர் இருட்டில் தோட்டத்துக்கு வண்டியில் போகிறவர். வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கிற சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் பிடிக்கிற ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும் ஆளுக்கு இரண்டு லட்சம் தரும். ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர வேண்டும். இந்த வாரமே வங்கியில் எழுதிக் கொடுங்கள். கை நிமிர்ந்தபின் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடும் எடுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கூரையைப் பொறுத்தவரை யோசிக்கவே வேண்டாம், செய்யுங்கள். ஒழுக்கு என்பது ஓட்டோடு நிற்காது. தண்ணீர் ஓட்டுக்கு அடியில் உள்ள மரப் பட்டியலில் இறங்கி, அதைத் தாங்கும் கழுக்கோல் உளுத்து, சுவரில் ஓதம் ஏறி, கடைசியில் வயரிங்கில் போய்ச் சேரும். இந்த வருடம் உடைந்த ஓட்டை மாற்ற ஆகிற செலவு, மூன்று வருடம் தள்ளிப்போட்டால் முழுக் கூரையையும் பிரிக்கிற செலவாகும். வேலையை மார்ச், ஏப்ரலில் வையுங்கள். மே கடைசியில் எல்லோரும் ஆள் தேடுவார்கள், கூலியும் கூடும், மழையும் முந்திவிடும். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற தென்னை, அயினி எதுவானாலும் அப்போதே வெட்டிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வருவோம். உங்கள் கணவர் தாய்மாமன், ஒதுங்க முடியாது, ஒதுங்கவும் கூடாது. ஆனால் என்ன செய்வது என்பதை இப்போதே நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். "மைனி, எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு வருடம் முன்பே சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது, நிச்சயத்தன்று சொன்னால்தான் வரும். அரைப் பவுன் என்று முடிவானால் நல்ல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். சிட்டி (சீட்டு) போடுவதானால் பதிவு செய்த சிட்டியாக இருக்கட்டும், தெரிந்தவர் நடத்துகிறார் என்று கொடுத்துவிட்டுப் பிறகு அலைய வேண்டாம். வாங்கும்போது செய்கூலி, சேதாரம் இரண்டையும் சேர்த்து எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வேலைப்பாடு கூடிய நகையில் 15, 20 சதவீதம் வரை போகும், கெட்டியான எளிய மோதிரத்திலோ வளையலிலோ அதைவிடக் குறைவு. ஹால்மார்க்கோடு, அந்த நகைக்கென்றே உள்ள ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. அடையாள எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் அவசரம் வந்தால் மதிப்புக் குறையாமல் கைகொடுப்பது அந்தக் கெட்டி நகைதான். இதற்காக மறுபடி மூன்று வட்டிக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக வாஷிங் மெஷின். தப்பே இல்லை. நம் வீடுகளில் சிக்கனம் என்றால் பெரும்பாலும் பெண் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உழைப்பது என்றே அர்த்தமாகியிருக்கிறது. பால்கறை ஒட்டிய வெட்டு உடுப்பைக் கல்லில் அடித்துத் துவைக்கும் நேரத்துக்கும் முதுகு வலிக்கும் யாரும் விலை போடுவதில்லை. எட்டு மணி நேரம் கடையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் தேவை. வரிசை மட்டும் இப்படி இருக்கட்டும்: முதலில் வட்டிக்கடன், பிறகு கூரை, அடுத்து மெஷின். அடுத்த டிசம்பர், ஜனவரியில் வெட்டு நன்றாக இருக்கும்போது ரொக்கமாக வாங்கலாம், அதற்காகத் தவணைக்குப் போக வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக் போதும், விலையும் குறைவு, கிணற்றுத் தண்ணீரின் அழுத்தம் குறைந்தாலும் ஓடும். உலர்த்தும் டப்பா உள்ளதால் மழை மாதத்தில் பிள்ளைகள் யூனிபார்ம் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். கறைபிடித்த வெட்டு உடுப்பை மற்றத் துணியோடு போடாமல் தனியே ஊறவைத்துப் போடுங்கள். வாங்கும் முன், தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ அந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்று அதை ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.